பிள்ளையோடு பெற்றோரையும் கேட்ட மருத்துவர்: ஆல்பிரட் அட்லர்

தாழ்வு மனப்பான்மை. இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் இருக்க முடியாது. மேடையேறப் பயப்படும் மாணவனைப் பற்றிப் பேசும்போதும், உறவினர் வந்தால் அறைக்குள் ஒளிந்துகொள்ளும் தங்கையைப் பற்றிப் பேசும்போதும் அம்மாக்கள் இதைச் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால், இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியவர் யார் என்று பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டுக்கு வரும்வரை எனக்குத் தெரியாது.

நான் வழிகாட்டி ஆலோசனைத் துறையில் பயிலும் மாணவி. சென்ற பருவத்தில் சமூகச் சேவைத் திட்டத்தின் கீழ் ஒரு தமிழ்ப்பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் போய் வந்தேன். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு உதவுவது என் வேலை. அங்கே மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். பயிற்சித்தாளைக் கொடுத்தால் மேசைக்கு அடியில் போட்டுவிடுவான். வாசிக்கச் சொன்னால் கொட்டாவி விடுவான். வற்புறுத்தினால் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான். நான்காவது வாரம் ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் இரண்டு வரி எழுதித் தரச் சொன்னார்கள். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பின்போது அவை குடும்பத்தாரிடம் படித்துக் காட்டப்படும், பிறகு பிள்ளையின் கோப்பில் இருக்கும். நான் யோசிக்கவே இல்லை. சோம்பேறி, ஒத்துழைப்பதில்லை என்று வரைவுத்தாளில் எழுதி வைத்தேன்.

அதே வாரம் எங்கள் விரிவுரையாளர் ஓர் இடுபணி கொடுத்தார். ஆலோசனைத் துறையின் முன்னோடி ஒருவரின் வாழ்க்கையை ஆராய்ந்து படைக்க வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்த பெயர் ஆல்பிரட் அட்லர். அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, என் கோப்புக்குள் இருந்த அந்த இரண்டு வரி என்னை உறுத்தத் தொடங்கியது.

நடக்க முடியாத பிள்ளை

அட்லர் 1870ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவை ஒட்டிய ருடோல்ப்ஸ்ஹைம் என்னும் புறநகரில் பிறந்தார். யூதக் குடும்பம். தந்தை லியோபோல்ட் தானிய வியாபாரி. ஏழு பிள்ளைகளில் அட்லர் இரண்டாமவர். மூத்தவரின் பெயர் சிக்மண்ட்.

அட்லருக்குச் சிறு வயதில் எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் நோய் இருந்தது. நான்கு வயதுவரை அவரால் சரியாக நடக்க முடியவில்லை. அவருக்கு நினைவில் இருந்த மிகப் பழைய காட்சி, உடம்பில் கட்டுகளோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான். எதிரே அண்ணன் ஓடுகிறார், குதிக்கிறார். தம்பியால் பார்க்க மட்டுமே முடிகிறது. அண்ணனின் பெயரையும் அவருடைய சாதனையையும் துரத்துவதே தன் வாழ்க்கை என்று அட்லருக்குப் பல ஆண்டுகள் தோன்றியிருக்கிறது.

நான்கு வயதை நெருங்கும்போது இன்னொரு துயரம் நேர்ந்தது. தம்பி ருடோல்ப் தொண்டை அடைப்பான் நோயால் இறந்துபோனான். இருவரும் ஒரே அறையில் படுத்திருந்த நேரம் அது. அடுத்து, ஐந்து வயதில் அட்லருக்கே கடுமையான நிமோனியா காய்ச்சல் வந்தது. பார்க்க வந்த மருத்துவர், இந்தப் பையன் பிழைக்க மாட்டான் என்று தந்தையிடம் சொன்னது சிறுவனின் காதில் விழுந்தது. ஆனால், அவன் பிழைத்துக்கொண்டான். பெரியவனானால் மருத்துவராக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டதாக அட்லர் பிற்காலத்தில் சொல்லி வந்தார்.

அவர் சொன்ன இன்னொரு நினைவு வேடிக்கையானது. பள்ளிக்குப் போகும் வழியில் ஓர் இடுகாடு இருந்தது என்றும், அதைக் கடக்கத் தனக்கு மட்டும் பயமாக இருந்தது என்றும், ஒருநாள் பயத்தை வெல்வதற்காக அதன் குறுக்கே பல தடவை ஓடிப் பார்த்தேன் என்றும் அவர் நம்பி வந்தார். பல ஆண்டுகள் கழித்துப் பழைய பள்ளித் தோழர் ஒருவரைச் சந்தித்தபோது, அந்த வழியில் இடுகாடே கிடையாது என்று தெரிய வந்தது. மற்றவர்களிடமும் விசாரித்தார். எல்லாரும் அதையே சொன்னார்கள். அவர் இதை வெட்கப்பட்டு மறைக்கவில்லை. நாம் நம் சிறு வயதை உள்ளபடி நினைவில் வைப்பதில்லை, நமக்குத் தேவையான துணிச்சலை அதற்குள் நாமே கற்பனையாகச் சேர்த்துவிடுகிறோம் என்பதற்குத் தன்னையே சான்றாகக் காட்டினார். பிற்காலத்தில், தன்னிடம் வருபவர்களிடம் முதல் நினைவு எது என்று கேட்பது அவருடைய வழக்கமாகவே ஆனது.

கணக்கில் தோற்றவர்

பள்ளியில் அட்லர் சிறந்து விளங்கவில்லை. கணிதம் அவருக்கு எட்டாத பாடமாக இருந்தது. ஒரே வகுப்பில் மீண்டும் படிக்க நேர்ந்தது. இவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் காலணி செய்யும் தொழிலுக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஓர் ஆசிரியர் தந்தைக்கு ஆலோசனை சொன்னார். காலணி செய்வது இழிவான தொழில் அல்ல. ஆனால், ஒரு சிறுவனால் எது முடியும், எது முடியாது என்பதை ஒரே ஒரு பாடத்தை வைத்து அந்த ஆசிரியர் முடிவு செய்தார்.

தந்தை லியோபோல்ட் அதைக் கேட்கவில்லை. மகனைப் பள்ளியிலேயே விட்டுவைத்தார். அட்லர் வீட்டில் உட்கார்ந்து கணக்கோடு போராடினார். ஒருநாள் ஆசிரியரே தடுமாறிய ஒரு கணக்கை வகுப்பில் அவர் செய்து காட்டினார். அதன்பிறகு அந்தப் பாடத்தில் அவர் முன்னணிக்கு வந்தார். ஒரு பாடம் வரவில்லை என்றால், அதற்கான திறமை பிறவியிலேயே இல்லை என்று முத்திரை குத்துவதை அட்லர் வாழ்நாள் முழுவதும் எதிர்த்ததற்கு இதுதான் வேர்.

இந்தப் பகுதியைப் படித்தபோது நான் அந்த ஆசிரியர் மீதுதான் கோபப்பட்டேன். பிறகுதான் என் வரைவுத்தாள் நினைவுக்கு வந்தது. அவர் சொன்னதற்கும் நான் எழுதியதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

ராட்டினத்துக்கு அருகில் ஒரு கிளினிக்

அட்லர் 1895இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1897இல் ரஷ்யாவைச் சேர்ந்த ரைசா எப்ஸ்டீனை மணந்தார். ரைசா படித்தவர், அரசியல் ஈடுபாடு உள்ளவர், பெண்ணுரிமையில் உறுதியானவர். இவர்களுக்கு வாலண்டைன், அலெக்சாண்ட்ரா, கர்ட், கோர்னீலியா என நான்கு பிள்ளைகள்.

1898இல் அட்லர் வெளியிட்ட முதல் சிறு நூல் தையல் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றியது. இருட்டான அறையில், குனிந்தபடி, நீண்ட நேரம் வேலை செய்பவனுக்கு நோய் வந்தால், மருந்து மட்டும் போதாது, அவன் வேலை செய்யும் சூழலையும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். ஆளைத் தனியாகப் பார்க்காமல் அவனைச் சுற்றியுள்ள உலகத்தோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அப்போதே அவரிடம் வந்துவிட்டது.

அவருடைய கிளினிக், சாதாரண மக்கள் வசித்த லியோபோல்ட்ஸ்டாட் பகுதியில், பிராட்டர் கேளிக்கைப் பூங்காவுக்கு அருகில் இருந்தது. 1897இல் அங்கே நிறுவப்பட்ட மாபெரும் ராட்டினம் இன்றும் வியன்னாவின் அடையாளம். பூங்காவில் வித்தை காட்டுபவர்களும் கழைக்கூத்தாடிகளும் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார்கள். உடல் வலிமையால் பிழைக்கும் அவர்களில் சிலர் சிறு வயதில் நோயாளிகளாக, பலவீனமான உடம்போடு இருந்தவர்கள். குறையை ஈடுகட்டவே அவர்கள் உடலை அப்படி வளர்த்திருந்தார்கள். மனிதன் தன் குறையை உணர்வதும், அதை ஈடுகட்ட முயல்வதும் அவனை முன்னே தள்ளும் விசை என்ற கருத்து இங்கேதான் உருவானது. 1907இல் இதைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார்.

எல்லாக் குழந்தையும் பெரியவர்களுக்கு நடுவே சிறியதாகத்தான் தன்னை உணர்கிறது. இந்தத் தாழ்வுணர்வு நோயல்ல, வளர்ச்சியின் தொடக்கம். ஊக்கம் கிடைத்தால் பிள்ளை முயல்கிறது. ஊக்கம் கிடைக்காமல் இனி முடியாது என்று அது முடிவு கட்டிவிடும்போதுதான் அந்த உணர்வு பிள்ளையை முடக்குகிறது. நாம் எடுத்ததற்கெல்லாம் சொல்லும் தாழ்வு மனப்பான்மை என்ற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

புதன்கிழமைக் கூட்டம்

1902இல் சிக்மண்ட் பிராய்ட் தன் வீட்டில் புதன்கிழமைதோறும் ஒரு கலந்துரையாடலைத் தொடங்கினார். முதலில் அழைக்கப்பட்ட நால்வரில் அட்லரும் ஒருவர். பிறகு அந்தக் குழு வளர்ந்து சங்கமாக மாறியபோது 1910இல் அதன் தலைவராகவும் இருந்தார். ஆனால், மனிதனின் சிக்கல்களுக்கெல்லாம் பாலுணர்வே அடிப்படை என்ற பிராய்டின் கருத்தை அவரால் ஏற்க முடியவில்லை. 1911இல் சில உறுப்பினர்களோடு வெளியேறினார்.

அவர் தொடங்கிய புதிய பிரிவுக்குத் தனிமனித உளவியல் என்று பெயர். மனிதன் தனித்து வாழ்பவன் என்பது இதன் பொருளல்ல. மனிதனைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது, அவன் பிரிக்க முடியாத முழுமை என்பதே பொருள். அந்த முழுமையான மனிதன் வீடு, பள்ளி, வேலை, நட்பு ஆகியவற்றோடு எப்படி இணைந்திருக்கிறான் என்பதைத்தான் அட்லர் கவனித்தார்.

போர் முடிந்த நகரம்

முதல் உலகப் போரில் அட்லர் இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். மனம் உடைந்து வந்த வீரர்களைக் குணப்படுத்துவதோடு, யாரை மீண்டும் போர்முனைக்கு அனுப்பலாம் என்று முடிவு சொல்வதும் அவருடைய வேலையில் சேர்ந்திருந்தது. தன் கையெழுத்தால் ஒருவன் சாகப் போகலாம் என்ற எண்ணம் அவரை வாட்டியது. போரிலிருந்து திரும்பிய அட்லர் அதிகமாகப் பேசியது சமூக உணர்வைப் பற்றித்தான். மற்றவர்களோடு சேர்ந்தவன் நான், அவர்களுக்கு என்னால் பயன் உண்டு என்ற உணர்வு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவே ஒருவனின் மனநலம் என்று அவர் கருதினார்.

போருக்குப் பிந்திய வியன்னா பசியில் கிடந்தது. தந்தையை இழந்த பிள்ளைகள், வேலைக்குப் போகும் தாய்மார்கள், தெருவில் சுற்றும் சிறுவர்கள், திருட்டு, பள்ளிக்கு மட்டம் போடுதல். நகர நிர்வாகம் சமூக ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தது. ஓட்டோ குளோக்கல் என்பவரின் தலைமையில் பள்ளிச் சீர்திருத்தம் தொடங்கியது. அட்லருக்கு இது நல்ல வாய்ப்பாக அமைந்தது.

ஒவ்வொரு பிள்ளையாகக் கிளினிக்கில் பார்த்தால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஆனால், ஓர் ஆசிரியருக்குச் சொல்லித் தந்தால், அவர் ஆண்டுதோறும் ஒரு வகுப்பையே காப்பாற்றுவார். இப்படி எண்ணிய அட்லர், பள்ளிக் கட்டடங்களிலேயே பிள்ளை வழிகாட்டி நிலையங்களைத் திறக்க ஏற்பாடு செய்தார். 1920களின் இறுதிக்குள் வியன்னாவில் இவற்றின் எண்ணிக்கை முப்பதை நெருங்கியது. அங்கே பணியாற்றிய மருத்துவர்களும் உளவியலாளர்களும் சம்பளம் வாங்கவில்லை. குடும்பங்களிடமும் கட்டணம் வாங்கவில்லை. 1924இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வியன்னா கல்வியியல் கழகத்திலும் அட்லர் கற்பிக்கத் தொடங்கினார். அங்கே நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் அவருடைய பாடங்களைக் கேட்டார்கள்.

ஒரே அறையில் எல்லாரும்

அந்த நிலையங்களில் வேலை நடந்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் இடுபணியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதலில் ஆசிரியர் பிள்ளையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி வருவார். குடும்பத்தில் எத்தனை பேர், இவன் எத்தனையாவது பிள்ளை, எப்போதிலிருந்து சிக்கல், அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன நடந்தது, இவனுக்கு நண்பர்கள் உண்டா என்பவையெல்லாம் அதில் இருக்கும். கூடியிருக்கும் ஆசிரியர்கள் முன்னிலையில் அது படிக்கப்படும். அட்லர் வரிக்கு வரி நிறுத்தி, இதிலிருந்து என்ன ஊகிக்கலாம் என்று பேசுவார். அடுத்து தாயோ தந்தையோ உள்ளே வருவார். அவர்களைக் குற்றம் சாட்டக் கூடாது என்பது விதி. வெட்கத்தோடும் பயத்தோடும் வரும் தாயை மேலும் குற்றவாளியாக்கினால், வீட்டுக்குப் போனதும் அந்தக் கோபம் பிள்ளை மீதுதான் விழும் என்று அவருக்குத் தெரியும். பிறகு பிள்ளையை அழைப்பார்கள். அட்லர் அவனோடு சமமாக உட்கார்ந்து, நண்பனிடம் பேசுவது போலப் பேசுவார். எதற்காக இப்படிச் செய்கிறான் என்பதைப் பிள்ளைக்குப் புரியும் சொற்களில் எடுத்துச் சொல்லி, அது சரியா என்று அவனிடமே கேட்பார்.

கடைசியில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று முடிவாகும். பெரும்பாலும் அது சிறியதாகவே இருக்கும். வகுப்பில் ஒரு பொறுப்பைக் கொடுப்பது, உதவும் குணமுள்ள மாணவனுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது, வீட்டில் ஒரு வேலையை அவனிடமே நம்பி விடுவது போன்றவை. அதை வகுப்பில் நடைமுறைப்படுத்துவது ஆசிரியரின் கடமை.

பள்ளியை அட்லர் ஏன் தேர்ந்தெடுத்தார்? ஒரு பிள்ளை வீட்டைத் தாண்டி முதன்முதலில் சந்திக்கும் சமூகம் அதுதான். வீட்டில் மறைந்திருக்கும் சிக்கல் அங்கே வெளிப்படும். தாயின் வேலை இரண்டு என்று அவர் விளக்கினார். முதலில் பிள்ளையின் நம்பிக்கையைத் தான் பெற வேண்டும். பிறகு அந்த நம்பிக்கையைத் தந்தை, உடன்பிறந்தவர், பிறர் என்று விரித்துவிட வேண்டும். இரண்டாவது வேலை நடக்காத பிள்ளைக்குப் பள்ளியின் முதல் நாளே அந்நிய நாடாகிவிடும். அங்கே விட்டதைச் சரிசெய்யும் வாய்ப்பு தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு மட்டுமே இருக்கிறது.

சோம்பலுக்குப் பின்னால்

ஏன் இப்படிச் செய்கிறான் என்று கேட்பதைவிட, இப்படிச் செய்வதால் இவனுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்க வேண்டும் என்பது அட்லரின் முக்கியமான பாடம். பிள்ளையின் எந்த நடத்தைக்கும் ஒரு நோக்கம் உண்டு. அந்த நோக்கம் பிள்ளைக்கே தெரியாமல் இருக்கலாம்.

புதிதாகத் தம்பி தங்கை பிறந்ததும், வளர்ந்த பிள்ளை மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்குவதுண்டு. இரவில் அம்மாவின் கவனம் கைக்குழந்தையிடம் போய்விட்டது, அதைத் திரும்பப் பெற அவனுக்குத் தெரிந்த வழி அது. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, யாரும் கவனிக்காமல் இருப்பதைவிட அது மேல்.

சோம்பலைப் பற்றி அட்லர் சொன்னதுதான் என்னைத் தாக்கியது. சோம்பேறி என்று பெயரெடுத்த பிள்ளைக்கு அந்தப் பெயரே ஒரு கவசம். முயன்று தோற்றால் அறிவில்லாதவன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். முயலாமலே இருந்தால், நினைத்தால் இவன் செய்வான், சோம்பல்தான் காரணம் என்று ஊர் பேசும். திறமை இல்லை என்ற அவமானத்தைவிட சோம்பேறி என்ற திட்டு எளிது. ஆகவே திட்டத் திட்ட அந்தக் கவசம் தடிக்கும். தண்டனையால் இது மாறாது. தோற்றாலும் கேலி செய்ய மாட்டார்கள் என்ற உறுதியும், கட்டாயம் வெற்றி பெறக்கூடிய ஒரு சிறு வேலையும் கிடைத்தால்தான் பிள்ளை கவசத்தைக் கழற்றிப் பார்க்கும்.

எஸ்.பி.எம். எழுதவிருக்கும் நண்பர்களே, இதை உங்களிடமும் கேட்டுப் பாருங்கள். தேர்வுக்கு முந்தின நாள்வரை புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, படித்திருந்தால் ஏ எடுத்திருப்பேன் என்று பிறகு சொல்லிக்கொள்வது எதற்காக? நானும் அப்படிச் சொன்னவள்தான்.

மூடப்பட்ட கதவுகள்

1926 முதல் அட்லர் அமெரிக்காவுக்கு அடிக்கடி போய் உரையாற்றினார். 1927இல் வெளிவந்த அவருடைய மனித இயல்பு பற்றிய நூல் அங்கே பெரும் வாசகர்களைப் பெற்றது. 1930இல் வியன்னா நகரம் அவரைக் கௌரவித்தது. 1931இல் அவருடைய மாணவர்களான ஓஸ்கர் ஸ்பீல், பெர்டினாண்ட் பிர்ன்பாம் ஆகிய ஆசிரியர்கள் அவருடைய கருத்துகளின்படி ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார்கள். மாணவர்கள் தங்கள் வகுப்பின் சிக்கல்களைக் கூடிப் பேசித் தீர்ப்பது அங்கே அன்றாட வழக்கம். 1932இல் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் மருத்துவக் கல்லூரியில் அட்லருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது.

1934 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. சமூக ஜனநாயகக் கட்சி தடை செய்யப்பட்டது. புதிய சர்வாதிகார அரசு பள்ளிச் சீர்திருத்தத்தைக் கைவிட்டது. வழிகாட்டி நிலையங்களும் சோதனைப் பள்ளியும் மூடப்பட்டன. பதினைந்து ஆண்டுகளாகச் சம்பளமின்றிப் பலர் கட்டியெழுப்பிய வேலை சில மாதங்களில் நின்றுபோனது. அட்லரின் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது.

மூத்த மகள் வாலண்டைன் மட்டும் சோவியத் யூனியனுக்குச் சென்றிருந்தார். 1937இன் தொடக்கத்தில் அவரிடமிருந்து கடிதங்கள் வருவது நின்றது. ஸ்டாலின் ஆட்சியில் அவர் கைது செய்யப்பட்டிருந்தார். பெற்றோருக்கு எந்தத் தகவலும் இல்லை. கவலையால் அட்லருக்குத் தூக்கம் போனது. இருந்தும் ஒப்புக்கொண்ட உரைப் பயணத்துக்காக ஐரோப்பா சென்றார். எத்தனையோ பெற்றோரின் கவலையைக் கேட்டவர், தன் பிள்ளை எங்கே என்று தெரியாமல் மேடைக்கு மேடை பேசினார். 1937 மே 28ஆம் நாள், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் காலை நடைக்குப் போனவர் தெருவிலேயே மயங்கி விழுந்து, மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 67. வாலண்டைன் 1942இல் சிறைமுகாமில் இறந்த செய்தி குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

எடின்பரோவில் தகனம் செய்யப்பட்ட அட்லரின் அஸ்தியை எல்லாரும் மறந்துபோனார்கள். 2007இல் அது அங்கேயே கண்டுபிடிக்கப்பட்டு, 2011இல் வியன்னாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

அவருடைய வேலை மட்டும் மறையவில்லை. அலெக்சாண்ட்ராவும் கர்ட்டும் மனநல மருத்துவர்களாகித் தந்தையின் பணியைத் தொடர்ந்தார்கள். மாணவர் ருடோல்ப் டிரைக்கர்ஸ் சிகாகோவில் பெற்றோருக்கான நிலையங்களைத் தொடங்கினார். பிள்ளையை மட்டும் கூப்பிட்டுப் பேசாமல் பெற்றோரையும் ஆசிரியரையும் சேர்த்துக் கேட்கும் இன்றைய பள்ளி ஆலோசனை முறையில் அட்லரின் தடம் தெளிவாகத் தெரிகிறது.

அவரிடமும் குறைகள் உண்டு

இடுபணிக்காகப் படித்தபோது எனக்கு உடன்பாடில்லாதவையும் இருந்தன. பல ஆசிரியர்களின் முன்னால் ஒரு குடும்பத்தின் கதையைப் பேசுவது இன்றைய இரகசியக் காப்பு விதிக்கு ஒத்துவராது. மூத்தவர் இப்படி, கடைக்குட்டி அப்படி என்று பிறப்பு வரிசையை வைத்து அவர் சொன்னவற்றில் பெரும்பகுதியைப் பிற்காலத்தின் பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. பிள்ளையின் சிக்கலைத் தேடும்போது தாயைப் பார்த்த அளவுக்குத் தந்தையை அவர் பார்க்கவில்லை என்றும் எனக்குப் படுகிறது. மாற்றுக் கருத்துக்காகப் பிராய்டிடமிருந்து பிரிந்தவர், மாற்றுக் கருத்து சொன்ன விக்டர் பிராங்கலை 1927இல் தன் சங்கத்திலிருந்து நீக்கினார். அதே பிராங்கல் பின்னர் வியன்னாவில் இளையோருக்கான ஆலோசனை நிலையங்களை நடத்தினார் என்பது வேறு கதை.

நான் எழுதிய இரண்டு வரி

மீண்டும் அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறேன். சந்திப்புக்கு முந்தின வாரம் நான் பயிற்சித்தாள் எதுவும் கொடுக்காமல் அந்த மாணவனோடு சும்மா பேசிக்கொண்டிருந்தேன். அப்பா லோரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கும் நாள் குறைவு. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். நான்கு மாதத்துக்கு முன் தங்கை பிறந்தாள். அதிலிருந்து இவன் பாட்டி வீட்டில் தங்கியிருக்கிறான். வகுப்பில் ஒருநாள் ஒரு வாக்கியத்தைத் தப்பாக வாசித்ததற்கு எல்லாரும் சிரித்தார்கள் என்பதையும் அவனே சொன்னான். அப்படிச் சிரிக்க விட்டது யார் என்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது. அது என் வகுப்பு. நானும் அன்று புன்னகைத்திருந்தேன்.

பழைய வரைவைக் கிழித்துப் போட்டேன். தப்பாக வாசித்துவிடுவோமோ என்று பயப்படுகிறான், தனியாக வாசிக்க விட்டால் முயல்கிறான் என்று முதல் வரி எழுதினேன். வகுப்பில் புத்தகம் வழங்கும் பொறுப்பை இவனிடம் கொடுத்திருக்கிறேன், வீட்டிலும் தங்கைக்காக ஒரு வேலையை இவனிடம் விடலாம் என்று இரண்டாவது வரி எழுதினேன். சந்திப்புக்குப் பாட்டிதான் வந்திருந்தார். ஆசிரியர் படித்துக் காட்டியதும், இதுவரை யாரும் தன் பேரனைப் பற்றித் திட்டாமல் பேசியதில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவன் இப்போது சரளமாக வாசிக்கிறான் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அதுவல்ல. பருவம் முடியும்போது அவன் ஒரு பத்தியை எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். ஆனால், தாளை மேசைக்கு அடியில் போடவில்லை. புத்தகங்களை எண்ணிக் கொடுத்துவிட்டு, குறைந்தால் என்னிடம் வந்து, அக்கா ஒன்று குறைகிறது என்று புகார் சொல்வான்.

உங்கள் வீட்டிலும் தொடக்கப்பள்ளியில் படிக்கும் தம்பி தங்கை இருக்கலாம். டியூசனில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். அவர்களைப் பற்றி ஏதேனும் ஒரு சொல்லைச் சொல்லும் முன், அந்தப் பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்று ஒருமுறை விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். வியன்னாவில் ஒரு தந்தை ஆசிரியரின் பேச்சைக் கேட்டு மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தால், அட்லர் என்ற பெயர் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.